மைப்படியும் அச்சுப்படியும்: மாமல்லபுரக் கல்வெட்டுப் படங்களை அளவு மாறாமல் அச்சிடுதல்

முன்னுரை

கல்வெட்டாய்வில் மைப்படி ஒரு முதன்மைச் சான்று. கல்லின்மேல் ஈரத்தாளை ஒற்றி, தூரிகையால் தட்டி, மை பூசி எடுக்கப்படும் இப்படி, எழுத்தின் வடிவத்தோடு அதன் உண்மை அளவையும் தாளுக்குக் கொண்டுவருகிறது. இன்றைய ஆய்வேட்டில் மைப்படி நேரடியாக இடம்பெறுவதில்லை. அது வருடப்பெற்றுக் கணினிக் கோப்பாகிறது; பின்னர் லேசர் அச்சுப்பொறியின் வழியே மீண்டும் தாளுக்கு வருகிறது. கோப்புக்கும் தாளுக்கும் இடையில் நின்று அளவு, ஓரம், புள்ளியடர்த்தி ஆகியவற்றை முடிவுசெய்வது பிரிண்டர் டிரைவர் எனப்படும் அச்சுப்பொறி இயக்கி. அதன் இயல்பிருப்பு அமைப்புகள் அலுவலகக் கடிதங்களுக்காக வகுக்கப்பட்டவை. கல்வெட்டுப் படங்களுக்கு அவற்றை எவ்வாறு மாற்றியமைக்க வேண்டும் என்பதைச் செங்கல்பட்டு மாவட்டத்து மாமல்லபுரக் கல்வெட்டுகளை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

அளவு ஏன் முக்கியமாகிறது

மாமல்லபுரத்தில் கணேச இரதத்திலும் தருமராச மண்டபத்திலும் ஏறத்தாழ ஒரே வடமொழிச் செய்யுட் பகுதி பல்லவ கிரந்தத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. வடக்கே சாளுவன்குப்பத்தில் உள்ள அதிரணசண்டக் குடைவரையில் ஒரே பாடம் எதிரெதிர்ச் சுவர்களில், ஒருபுறம் பல்லவ கிரந்தத்திலும் மறுபுறம் நாகரியிலும் காணப்படுகிறது. தருமராச இரதத்தில் அரசனின் விருதுப்பெயர்கள் சிறுசிறு பொறிப்புகளாக உள்ளன. இவற்றை இ. ஹுல்ட்ஷ் 1890இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் பதிப்பித்தார்.

இச்சின்னங்களை எழுப்பியவர் மாமல்லன் எனப்பட்ட முதலாம் நரசிம்மவர்மனா, இராசசிம்மனா, வேறு அரசர்களா என்பது நெடுநாள் விவாதம். இரா. நாகசாமி 1962இல் அனைத்தையும் இராசசிம்மனுக்கே உரியவையாகக் கொள்ளும் கருத்தை முன்வைத்த பின்னர் இவ்விவாதம் மேலும் கூர்மையடைந்தது. ‘அத்யந்தகாமன்’ போன்ற விருதுப்பெயர்களோடு எழுத்தமைதியும் இதில் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. எழுத்தின் உயரம், கோட்டின் தடிமன், வரியிடைவெளி ஆகியவற்றை ஒப்பிடும் ஆய்வாளர் பெரும்பாலும் கல்லை அளப்பதில்லை; அச்சிட்ட படத்தையே அளக்கிறார். அப்படம் சுருங்கியிருந்தால் அவர் பெறும் எண்ணும் சுருங்கிவிடும்.

‘தாளுக்குப் பொருத்துக’ என்னும் கட்டளை

ஏ4 தாளின் அளவு 210 × 297 மில்லிமீட்டர். லேசர் அச்சுப்பொறி தாளின் விளிம்புவரை அச்சிடுவதில்லை. பல பொறிகளில் நான்கு புறமும் ஏறத்தாழ 4 மி.மீ. அச்சிட இயலாப் பகுதியாக விடப்படுகிறது. அச்சிடும்போது ‘ஃபிட்’ அல்லது ‘ஃபிட் டு பேஜ்’ என்பது தேர்வாகியிருந்தால், முழுப் பக்கமும் எஞ்சிய ஏறத்தாழ 202 மி.மீ. அகலத்துக்குள் அடங்குமாறு சுருக்கப்படும். அதாவது 96 விழுக்காடாகும். இயக்கியில் தாளளவு ‘லெட்டர்’ (215.9 × 279.4 மி.மீ.) என்றிருந்து, ஏ4 பக்கம் அதன் உயரத்துக்குப் பொருத்தப்பட்டால் சுருக்கம் 94 விழுக்காடாகும். அச்சிட இயலாப் பகுதியையும் கழித்தால் அது மேலும் குறையும்.

இதன் விளைவை ஒரு கணக்கால் காணலாம். கல்லில் 50 மி.மீ. உயரமுள்ள எழுத்து ஒன்று ஐந்திலொரு பங்கு அளவில் 10 மி.மீ. உயரத்தில் அச்சாக வேண்டும். 96 விழுக்காட்டில் அது 9.6 மி.மீ. ஆகிறது. படவிளக்கத்தில் உள்ள ‘1:5’ என்பதை நம்பி ஐந்தால் பெருக்குபவருக்கு 48 மி.மீ. கிடைக்கிறது, 94 விழுக்காடாயின் 47 மி.மீ. கணேச இரதப் படம் ஒரு கணினியிலிருந்தும் தருமராச மண்டபப் படம் வேறொரு கணினியிலிருந்தும் அச்சாகியிருந்தால், அச்சுப்பொறி உண்டாக்கிய வேறுபாடு கற்பொறிப்பாளரின் கைவேறுபாடாகத் தோன்றக்கூடும்.

பழைய பதிப்புகளின் மின்படிகளுக்கும் இது பொருந்தும். எபிகிராஃபியா இண்டிகா இதழின் படத்தட்டுகள் பலவற்றில் அளவு விகிதம் சொற்களால் குறிக்கப்பட்டிருக்கும். அது மூல இதழின் தாளளவுக்கு மட்டுமே உண்மை. மின்படியை ஏ4 தாளுக்குப் பொருத்தி அச்சிட்டால், விகிதச் சொல் அப்படியே நிற்க, படம் மட்டும் மாறிவிடுகிறது.

ஆகவே இயக்கியில் தாளளவை ஏ4 என நிறுவுதல் முதற்பணி. இதை அச்சிடும் சாளரத்தில் மட்டுமன்றி, இயக்கியின் இயல்பிருப்பு அமைப்பிலும் தாள்தட்டின் அமைப்பிலும் செய்ய வேண்டும். அடுத்து ‘ஆக்சுவல் சைஸ்’ அல்லது 100 விழுக்காடு என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சுருக்கம் படிப்பானிலும் இயக்கியிலும் தனித்தனியே நிகழக்கூடும் என்பதால் இரண்டையும் பார்ப்பது இன்றியமையாதது.

ஓரங்கள்

ஓரம் இருவகைப்படும். ஒன்று பொறி விடும் ஓரம். மற்றொன்று ஆவணத்தில் நாம் வகுக்கும் ஓரம். ஆய்வேட்டின் கட்டுப்பக்கத்தில் 38 மி.மீ., வலப்புறம் 25 மி.மீ. என விட்டால் எழுதுபரப்பு 147 மி.மீ. ஆகிறது. 600 மி.மீ. அகலமுள்ள ஒரு மைப்படியை நான்கிலொரு பங்காகக் குறைத்தால் 150 மி.மீ. வரும், அது இப்பரப்பில் அடங்காது. சொற்செயலி அதனைச் சொல்லாமலே 147 மி.மீ. ஆகக் குறைத்து இடும். இந்நிலையில் 1:5 என்ற விகிதத்தைத் தெரிந்து 120 மி.மீ. அகலத்தில் அமைப்பதே முறை. விகிதத்தை ஆய்வாளர் முடிவுசெய்ய வேண்டும், மென்பொருளிடம் விடலாகாது.

பிரிதிறன்

அச்சுப்பொறியின் 600 அல்லது 1200 புள்ளி என்னும் எண் பொறியின் திறனைக் குறிக்கிறது. படத்தின் தரத்தைக் குறிப்பதன்று. 120 மி.மீ. என்பது 4.72 அங்குலம். அவ்வகலத்தில் அங்குலத்துக்கு 300 படப்புள்ளிகள் வேண்டுமாயின் கோப்பு 1,417 படப்புள்ளி அகலமும், 600 வேண்டுமாயின் 2,835 படப்புள்ளி அகலமும் கொண்டிருக்க வேண்டும். கைப்பேசிச் செய்தியாக வந்து 900 படப்புள்ளியாகச் சுருங்கிய படம், அங்குலத்துக்கு ஏறத்தாழ 190 படப்புள்ளிகளையே தரும். இயக்கியில் 1200 எனத் தேர்ந்தாலும் இழந்த விவரம் மீளாது.

மேலும், கறுப்பு–வெள்ளை லேசர் பொறி சாம்பல்நிறத்தை நேரடியாக அச்சிடுவதில்லை. ஓரிடத்தில் டோனர் படியும், அல்லது படியாது. இடைநிறங்கள் சிறு கட்டங்களுக்குள் புள்ளிகளைக் கூட்டியும் குறைத்தும் உருவாக்கப்படுகின்றன. 600 புள்ளிப் பொறியில் 8 × 8 கட்டம் 65 நிறநிலைகளைத் தரும்; ஆனால் அங்குலத்துக்கு 75 கட்டங்களே அமையும். கல்லில் 4 மி.மீ. உள்ள அனுசுவாரப் புள்ளி 1:5 அளவில் 0.8 மி.மீ. ஆகும். அதன் குறுக்கே இரண்டரைக் கட்டங்கூட முழுமையாக அமையாது. அது எழுத்துறுப்பா, கல்லின் பொரிவா என்பதை அப்படத்தைக் கொண்டு முடிவுசெய்ய இயலாது. அதே குறி தூய கறுப்பு–வெள்ளைக் கோட்டுப்படமாக அச்சாகும்போது குறுக்கே 19 அச்சுப்புள்ளிகள் கிடைக்கும். ஆனால் கோட்டுப்படம் ஆய்வாளரின் வாசிப்பு; மைப்படியின் சாம்பல்நிறச் சாயல்களே சான்று. எனவே முழுக் கல்வெட்டைச் சிறிய அளவிலும், ஐயத்துக்குரிய எழுத்தை முழு அளவிலும் சாம்பல்நிறப் படமாகத் தந்து, கோட்டுப்படத்தைத் தனியே அருகில் வைப்பது நேர்மையான முறையாகும்.

இயக்கியில் டோனர் சிக்கன அமைப்பை நீக்க வேண்டும். கோட்டு விளிம்புகளை மழுப்பிச் சீராக்கும் அமைப்பு இருப்பின் அதையும் நிறுத்துதல் நன்று. உளியின் விளிம்புச் சிதைவும் அதில் மறையக்கூடும்.

பக்கச் சீர்மை

அதிரணசண்டக் குடைவரையின் இரு எழுத்துமுறைகளையும் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்துக் காட்ட விரும்புவது இயல்பு. இருபக்க அச்சில் இதற்கு மூன்று அமைப்புகள் தேவை: ஆவணத்தில் கட்டோரம் இடமும் வலமும் மாறிவரும் எதிரொளி ஓரங்கள், இயக்கியில் ‘ஃபிளிப் ஆன் லாங் எட்ஜ்’ எனப்படும் நீள்விளிம்புத் திருப்பம், தாள்தட்டின் வழிகாட்டிகள் தாளை ஒட்டி நிற்றல். அச்சிட்ட தாளை வெளிச்சத்தில் பிடித்து இருபக்கச் சட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகின்றனவா எனப் பார்க்கலாம். பிசகு எல்லாத் தாளிலும் ஒரே அளவாக இருப்பின், பொறியின் தாள்தட்டுச் சீரமைப்பில் திருத்தலாம். தாளுக்குத் தாள் மாறினால் பெரும்பாலும் தாளோ உருளையோ காரணமாகும்.

வெப்பத்தால் டோனரை உருக்கி ஒட்டும்போது தாளின் ஈரம் குறைந்து தாள் சிறிது சுருங்குகிறது. இரண்டாம் பக்கம் அச்சுருங்கிய தாளில் அச்சாவதால் இருபக்க அளவும் நுண்ணிதாக வேறுபடலாம். கடற்கரையை ஒட்டிய ஈரப்பதமான ஊர்களில் உறை பிரித்து வைத்த தாளில் இது கூடுதலாகும். தாளை உறையிலேயே வைத்திருந்து அச்சிடும்போது எடுப்பதும், படத்தட்டுகளை ஒருபக்கமாக அச்சிடுவதும் தக்கவை.

சரிபார்க்கும் முறை

மேற்கண்ட அமைப்புகளைச் செய்தபின், ஆய்வேட்டின் கோப்பிலேயே 100 மி.மீ. பக்கமுள்ள ஒரு சதுரத்தை வரைந்து அச்சிட்டு, எஃகு அளவுகோலால் இரு திசையிலும் அளக்க வேண்டும். தாள் நகரும் திசையிலும் குறுக்குத் திசையிலும் பிழை வேறுபடக்கூடும். அரை மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பிழை இருப்பின் அமைப்புகளை மீண்டும் பார்க்க வேண்டும்.

இருப்பினும் ஆய்வேடு நூலகத்தில் நகலெடுக்கப்படும். மின்படியாகிப் பிறர் பொறிகளில் அச்சாகும். அங்கெல்லாம் நம் அமைப்புகள் உடன்செல்வதில்லை. ஆதலால் மைப்படி எடுத்தவுடன் அதனருகே அளவுகோலை வைத்தே வருடுதல் வேண்டும். கிடையாகவும் நெடுக்காகவும் இரு கோல்கள் இருத்தல் சிறப்பு. படம் சுருங்கினால் கோலும் உடன் சுருங்கும். அளப்பவர் பெறும் விகிதம் மாறாது. ஒப்பிட வேண்டிய இரு கல்வெட்டுகளை ஒரே படக்கோப்பில், ஒரே அளவில் அமைத்தால், பின்னர் எது நேரினும் அவற்றிடையேயுள்ள தொடர்பு காக்கப்படும்.

முடிவுரை

படவிளக்கத்தில் எழுதப்படும் ‘1:5’ என்பது ஒரு கூற்று. அக்கூற்று உண்மையாவதும் பொய்யாவதும் அச்சுப்பொறி இயக்கியின் ஓரிரு தேர்வுகளைப் பொறுத்தது. தாளளவு, 100 விழுக்காடு, போதிய படப்புள்ளிகள், ஒருபக்கப் படத்தட்டு ஆகியவற்றை உறுதிசெய்வது ஆய்வாளரின் கடமை. அளவுகோலைப் படத்துக்குள்ளேயே வைப்பது அதனினும் முதன்மையானது. கல்வெட்டுப் படம் இடம்பெறும் ஆய்வேடுகளில் விகிதக் குறிப்போடு அளவுகோலையும் வேண்டும் வழக்கத்தை நெறியாளர்களும் இதழாசிரியர்களும் மேற்கொள்வார்களாயின், பின்வரும் ஆய்வாளர் நம் படங்களை ஐயமின்றி அளந்து பயன்கொள்ள இயலும்.