பெட்டிக்குள் ஓடும் சர்வர்

வீட்டு ரவுட்டரின் அமைப்பை மாற்றப் பிரவுசரைத் திறந்தால், பதில் தருவது அந்தப் பெட்டிக்குள்ளேயே ஓடும் சிறிய வெப் சர்வர். 2004-இல் செர்கேய் லியூப்கா எழுதத் தொடங்கிய மங்கூஸ் அவ்வகையைச் சேர்ந்தது. ஒரே ஒரு சி கோப்பு. அதைத் தம் நிரலோடு சேர்த்துத் தொகுத்தால் போதும். அன்று அதற்கு எம்ஐடி உரிமம். ஆசிரியரின் பெயரையும் உரிமக் குறிப்பையும் விட்டுவைத்தால் மூடிய சாதனத்திலும் தடையின்றிப் பயன்படுத்தலாம்.

2013-இல் அது, தன்னோடு இணையும் நிரலையும் திறந்து காட்டக் கோரும் ஜிபிஎல் உரிமத்துக்கு மாறியது. சிறு சாதனங்களில் எல்லா நிரலும் ஒரே ஃபர்ம்வேராக இணைந்துவிடுவதால், விற்பவர் தம் சொந்த நிரலையும் திறந்து காட்ட வேண்டும். மனமில்லையென்றால் வணிக உரிமம் வாங்க வேண்டும். பழைய உரிமையை விட விரும்பாதவர்கள் கடைசி எம்ஐடி பதிப்பிலிருந்து சிவெட்வெப் என்ற கிளையைத் தொடங்கினார்கள். இன்றும் அது எம்ஐடி உரிமத்தில்தான் கிடைக்கிறது. கேட்காமல் எடுத்துக்கொண்ட இடத்தில் இப்போது உரிமத்தைப் படித்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. அந்த எளிமை போனதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் லியூப்காவைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

காரணம், போவா. ரவுட்டர்களிலும் கேமராக்களிலும் ஒரு காலத்தில் எங்கும் இருந்த இந்த வெப் சர்வரும் ஜிபிஎல்தான். 2005-உடன் அதன் வளர்ச்சி நின்றது. ஆனால் சிப் நிறுவனங்கள் தரும் மென்பொருள் தொகுப்புகளில் அது தங்கிவிட்டது. அங்கிருந்து புதிய சாதனங்களுக்கும் போய்க்கொண்டே இருந்தது. இணையத்தில் ஒரே வாரத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட போவா சர்வர்களைக் கண்டதாக 2022 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. இந்திய மின்கட்டமைப்பைக் குறிவைத்த ஊடுருவல்களை ஆராய்ந்தபோதுதான் இது வெளிப்பட்டது. மூல நிரல் எல்லோர் கைக்கும் எட்டுகிறது, திருத்தும் உரிமையும் இருக்கிறது. பாதுகாப்பு ஓட்டையை அடைத்துப் புதுப் பதிப்பு வெளியிடத்தான் ஆள் இல்லை.

அன்று ஒரு வெப் சர்வர் இலவசமாகக் கிடைத்ததே பெரிதாக இருந்தது. அதை யார் பராமரிப்பார் என்ற கேள்வி இன்றுதான் எழுகிறது, அதுவும் தாமதமாக. உரிமக் கட்டணம் கசப்பாகத் தோன்றலாம். ஆனால் அந்தப் பணத்தில்தான் ஒருவர் அடுத்த பிழையைத் திருத்த உட்காருகிறார். சாதனம் வடிவமைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: உரிமத்தைப் படிக்கும்போதே கடைசிப் பதிப்பு எந்த ஆண்டு வந்தது என்றும் பாருங்கள். இலவச நூலகத்தை எடுத்தால் அதைப் பராமரிப்பவருக்கு உங்கள் திருத்தங்களையாவது அனுப்புங்கள்.