அஞ்சேல் என்று அனுப்புவோம்

2020 மார்ச் மாதத்தில் அடைபட்ட பள்ளிக் கதவுகள், 19 மாதங்களுக்குப் பின்னர், 2021 நவம்பர் 1 ஆம் நாள் திங்கட்கிழமை முதல் 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்குத் திறக்கப்பட்டன. மேல் வகுப்பு மாணவர்கள் அவ்வாண்டு செப்டம்பர் 1 முதலே சென்று வந்தனர். சிறுவர்களின் நிலை வேறாக இருந்தது. முந்தைய ஆண்டு முதல் வகுப்பில் அமர்ந்திருக்க வேண்டிய குழந்தை, வகுப்பறையையே காணாமல் அப்போது இரண்டாம் வகுப்பில் அடியெடுத்து வைத்தது. கல்வித் தொலைக்காட்சியும் கைப்பேசியும் பாடத்தைக் காட்டின. பக்கத்துப் பிள்ளையோடு பகிர்ந்து உண்ணவும், தன் முறை வரும்வரை பொறுத்திருக்கவும் அவற்றால் கற்றுத்தர இயலவில்லை.

கடலூரை அடுத்த திருவஹீந்திரபுரத்தில், ஔஷதகிரியின் மேல் எழுந்தருளியுள்ள ஹயக்ரீவப் பெருமானிடம் பேரப்பிள்ளைகளின் கல்விக்காக வேண்டிக்கொள்ளாத பெரியோர் அப்பகுதியில் குறைவு. வேண்டுதலுக்குத் துணையாக இல்லத்தில் ஆற்ற வேண்டிய கடமையும் உண்டு. அத்தனை மாதங்களும் குழந்தைகளோடு பகல் முழுவதும் உடனிருந்தவர்கள் தாத்தா பாட்டிமார்களே. ஆதலால் அக்கடமையில் பெரும்பங்கு அவர்களையே சாரும்.

முதற்கடமை, குறை கூறாதிருத்தல். இதற்கு வழிகாட்டியாக விளங்குபவர் திருவதிகைத் திலகவதியார். பெற்றோரை இழந்த பின் தாமே வளர்த்த தம்பி மருள்நீக்கியார், திருப்பாதிரிப்புலியூர்ச் சமணப் பள்ளிக்குச் சென்று தருமசேனர் ஆனார். சூலை நோயால் வருந்தித் தமக்கையைத் தேடி வந்தபோது, அம்மையார் பழைய கணக்கைக் கிளறவில்லை. திருநீறு அளித்து, வைகறையில் தாம் திருவலகும் திருமெழுக்கும் எடுத்துச் செல்லும்போது தம்மோடு வீரட்டானத்துக்கு அழைத்துச் சென்றார். அந்தத் தம்பியே நாவுக்கரசர் ஆனார். "எழுத்தெல்லாம் மறந்துவிட்டாயே, பள்ளியில் என்ன செய்யப் போகிறாய்?" என்று பேரனைக் கேட்கத் தோன்றும் வேளையில் அந்தத் தமக்கையை நினைத்துக்கொள்வது நன்று.

இரண்டாவது, படிப்படியாக ஏற்றுதல். 1864 ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், சிறுவர்களுக்கான பாலபாடங்களை எளியதிலிருந்து அரியது நோக்கிச் செல்லும் வரிசையில் அமைத்தார். மூன்றாம் வகுப்புக் குழந்தை முதல் வகுப்புப் புத்தகத்தில் தடுமாறினால், அங்கிருந்தே தொடங்குவதில் இழிவு இல்லை. நாள்தோறும் கால் மணி நேரம் தாத்தாவுக்கு ஒரு பக்கம் வாசித்துக் காட்டினால் போதும். கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் 2021 இல் முன்னோட்டமாகத் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' மாலை வகுப்புகளும், தன்னார்வலர்களைக் கொண்டு இதே பணியைச் செய்ய முனைந்தன.

மூன்றாவது, நாள்முறை. நடு இரவு வரை விழித்திருந்து பழகிய கண்கள் ஒரே நாளில் மாறிவிடா. இன்று முதலே உறங்கும் நேரத்தைச் சிறிது சிறிதாக முன்னுக்குக் கொண்டுவரலாம். காலையில் நீராடி, நீறோ நாமமோ இட்டு, விளக்கின் முன் இரண்டு நிமிடம் நிற்கும் பழக்கம் பிறக்கட்டும். ஊட்டிவிட்ட கை சற்று விலகி நிற்கட்டும். சோற்றுப் பாத்திரத்தைத் தானே திறந்து உண்ணக் குழந்தை வீட்டிலேயே பழகட்டும்.

பெரியோர் உள்ளத்திலும் அப்போது ஓர் அச்சம் இருந்தது. பள்ளி சென்று வரும் பிள்ளை நோயைக் கொண்டுவந்துவிடுமோ என்பதே அது. அந்த அச்சத்தை மறைக்க வேண்டுவதில்லை. இரண்டு தவணைத் தடுப்பூசியையும் தவறாமல் செலுத்திக்கொள்வதும், வெளியே சென்று வந்தவர் கைகால் கழுவிய பின்னரே உள்ளே வருதல் என்னும் நம் முன்னோர் வழக்கத்தை மீண்டும் கைக்கொள்வதும் அப்போது தக்க காப்பாகக் கருதப்பட்டன. அச்சத்தைக் குழந்தையின் தலையில் ஏற்றுவது மட்டும் கூடாது. "பாட்டிக்கு உன்னால் நோய் வந்துவிடும்" என்னும் ஒரு சொல், பிஞ்சு மனத்தில் நெடுநாள் தங்கிவிடும்.

அவ்விரண்டு ஆண்டுகளில் தாத்தாவையோ பாட்டியையோ, பெற்றோரில் ஒருவரையோ இழந்த குழந்தைகளும் அவ்வகுப்புகளில் வந்து அமர்ந்தனர். நம் வீட்டுப் பிள்ளையிடம், "அப்படி ஒருவன் இருந்தால் அவனோடு சேர்ந்து சாப்பிடு" என்று சொல்லி அனுப்புவது பெரிய அறம்.

தில்லைச் சிற்றம்பலத்தில் ஆடும் பெருமானின் வலக்கரம் ஒன்று, அஞ்சேல் என்று அபயம் காட்டி நிற்கிறது. முதல் நாள் காலையில் வாயிற்படியில் குழந்தை அழக்கூடும். அதைப் பிரிந்து பகலைக் கழிக்க வேண்டிய முதியவரின் கண்களும் கலங்கக்கூடும். வீடு வெறிச்சென்று தோன்றும். எனினும் நெற்றியில் நீறிட்டு, "போய் வா, மாலையில் கதை கேட்கக் காத்திருப்பேன்" என்று புன்னகையோடு அனுப்பும் கை, அக்குழந்தைக்கு அந்த அபயக் கரமே ஆகும்.