எடைக்குப் போட்டா ஏமாந்தீங்க! பழைய சுவர் விளக்கில் இருக்குது பணம்

சென்னையில் ஒரு பழைய வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்றால், கடப்பாரைக்கு முன்னாடியே வந்து நிற்பவர் காயலான் கடைக்காரர்தான். தேக்குக் கதவு, ஜன்னல் கம்பி எல்லாம் பேரம் முடிந்ததும் கடைசியாக ஹால் சுவரைப் பார்ப்பார். "இந்த லைட்டுங்க எதுக்கு சார்? பித்தளை ரேட்டுக்கு எடுத்துக்கறேன்" என்பார். வீட்டுக்காரரும் தலையாட்டுவார். தாத்தா காலத்து ஜோடி விளக்கு தராசில் ஏறிவிடும். அதே விளக்கு நாலு கை மாறி பழம்பொருள் கடைக்குப் போனால், அங்கே யாரும் அதை எடை போடுவதில்லை!

அழகு எல்லாம் முன்பக்கம். வயசு தெரிவது பின்பக்கம். மெயினை அணைத்துவிட்டு விளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

ஸ்குரு காட்டிக் கொடுக்கும்

முதலில் ஸ்குரு. பிளஸ் குறி போட்ட ஸ்குரு 1930-களின் நடுவில்தான் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது. "1910 மாடல் சார்" என்று விற்கிற விளக்கில் அத்தனையும் பிளஸ் ஸ்குரு என்றால் உஷார்! ஒன்றிரண்டு மட்டும் என்றால் நடுவில் யாரோ ரிப்பேர் பார்த்திருக்கலாம்.

அடுத்து ஒயர். நூல் பின்னிய ரப்பர் ஒயர் பழசு. பிளாஸ்டிக் ஒயர் இருந்தால் உடனே புதுசு என்று தள்ளிவிடக் கூடாது. பின்னால் மாற்றியிருப்பார்கள். பேக்கலைட் ஹோல்டரா? அந்தச் சரக்கைக் கண்டுபிடித்ததே 1907-ல்தான். விளக்கின் கையில் சின்னத் திருகு அடைப்பான் இருந்தால், அது கேஸில் எரிந்து பிறகு கரண்டுக்கு மாறிய விளக்கு.

காந்தம் வைத்தால் ஒட்டுகிறதா? உள்ளே இரும்பு, மேலே வெறும் முலாம். ஒட்டாவிட்டால் பின்பக்கம் லேசாகச் சுரண்டுங்கள். மஞ்சள் என்றால் பித்தளை. சாம்பல் நிறம் என்றால் துத்தநாகக் கலவை.

மொராதாபாத்தில் பித்தளை வேலையும் பெரோசாபாத்தில் கண்ணாடி வேலையும் அருமையாகச் செய்கிறார்கள். அதில் தப்பில்லை. அந்தப் புதுச் சரக்கை ஆசிட்டில் கறுப்பாக்கி, செட்டிநாட்டு அரண்மனையில் இருந்து வந்தது என்று கதை விடுவதுதான் மோசடி. ஆசிட் கறுப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும். நிஜப் பழசில் கை பட்ட இடம் தேய்ந்து பளபளக்கும், இடுக்கில் களிம்பு கட்டியிருக்கும்.

கண்ணாடியில் கையெழுத்து

கடைக்காரர் வாயில் எல்லாமே 'பெல்ஜியம் கண்ணாடி'தான்! விரலால் தடவிப் பாருங்கள். கையால் பட்டை தீட்டியதில் விளிம்பு கூராக இருக்கும். அச்சில் வார்த்ததில் இணைப்புக் கோடு தட்டுப்படும். பர்மிங்காமில் 1807-ல் தொடங்கிய ஆஸ்லர் கம்பெனி, கல்கத்தாவில் கடை போட்டு நம்மூர் ராஜாக்களுக்கு விளக்கு விற்றது. பிரான்சின் ரெனே லாலிக் 1945-ல் இறந்தார். அவர் காலத்துக் கண்ணாடியில் 'ஆர். லாலிக்' என்று இருக்கும். பிறகு வந்ததில் அந்த 'ஆர்' கிடையாது. இந்தக் கையெழுத்திலும் போலி உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

விலைக்கு ஜோடி முக்கியம். இரண்டு ஒற்றை விளக்கை விட ஒரு ஜோடிக்கு விலை அதிகம். அசல் கண்ணாடிக் கூடு போய்விட்டால் விலை விழும். புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினாலும் விழும். நைந்த ஒயரை மாற்றினால் விழாது, ஷாக்கும் அடிக்காது. விலை விசாரிக்கும்போது, கடையில் சொல்கிற ரேட்டை நம்பாமல், ஏலத்தில் விற்று முடிந்த ரேட்டைக் கேளுங்கள்.

"ஃபாரினுக்கு அனுப்பலாம், டாலரில் காசு" என்று ஆசை காட்டுகிறவர்களும் வருவார்கள். 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி, 100 வருடமான கலைப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. 1920-களின் தொடக்கத்தில் செய்த விளக்குகள் இப்போது அந்த எல்லையைத் தாண்டிவிட்டன. மீறினால் 6 மாதம் முதல் 3 வருடம் வரை ஜெயில், அபராதம் தனி!