வெற்றிக்குப் பின்னும் ஆறாத காயம்: சிறுவயது வன்முறையும் போதை அடிமைநோயும்

“கைநிறையச் சம்பளம் வருகிறது. பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள். வீட்டில் ஒரு குறையும் இல்லை. பிறகு ஏன் குடிக்கிறார்?” அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளிலிருந்து போதை மீட்புச் சிகிச்சைக்கு உறவினரை அழைத்து வரும் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விடை இதற்கு இல்லை. எனினும் சிலரிடம் அந்த விடை, பல ஆண்டுகளுக்கு முன் சிறுவயதில் நேர்ந்து, எவரிடமும் சொல்லப்படாத ஒரு கொடுமையில் இருக்கிறது. இதனை விளக்க, உலகறிந்த விளையாட்டு வீரர் ஒருவரின் வாழ்க்கையை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

சுகர் ரே லெனர்ட்

அமெரிக்கக் குத்துச்சண்டை வீரரான சுகர் ரே லெனர்ட் 1956ஆம் ஆண்டு பிறந்தவர். 1976இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வென்றார்; 1979இல் தொழில்முறைக் குத்துச்சண்டையில் உலகச் சாம்பியன் ஆனார். 1982இல் விழித்திரை விலகியதால் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, அவ்வாண்டே ஓய்வை அறிவித்தார். களத்தை விட்டு விலகியிருந்த காலத்தில் கோக்கைனும் மதுவும் அவரைப் பற்றிக்கொண்டன. 1987இல் மீண்டும் களமிறங்கி மார்வின் ஹாக்லரை வென்றபோது உலகம் கைதட்டியது. உள்ளே நடந்த போராட்டம் எவர் கண்ணுக்கும் தெரியவில்லை. கோக்கைன் பயன்படுத்தியதை 1991இல் பொதுவெளியில் ஒப்புக்கொண்டார். மதுவை முற்றாக விட்டது 2006இல்தான்.

2011இல் வெளிவந்த தன்வரலாற்றில், பதின்வயதில் ஒலிம்பிக் பயிற்சியாளர் ஒருவரால் பாலியல் வன்முறைக்கு உள்ளானதை லெனர்ட் எழுதினார். அந்தப் பயிற்சியாளரின் பெயரை அவர் வெளியிடவில்லை. நூலை உருவாக்கும்போதுகூட முதலில் உண்மையைக் குறைத்தே சொன்னார். சிறுவயதில் தமக்கு நேர்ந்த கொடுமையை நடிகர் ஒருவர் தொலைக்காட்சியில் விவரித்ததைக் கண்ட பிறகே, முழு உண்மையையும் சொன்னாலன்றித் தமக்கு விடுதலை இல்லை என்று உணர்ந்தார்.

இங்கே கவனிக்கத்தக்கது காலவரிசை. கொடுமை நேர்ந்தது பதின்வயதில். குடியை விட்டது ஐம்பதாம் வயதில். நூலில் அதனை வெளியிட்டது ஐம்பத்தைந்தாம் வயதில். உலகின் தலைசிறந்த வீரர்களை எதிர்கொண்டவருக்கே வாய் திறக்க இத்தனை காலம் ஆயிற்று.

காயம் போதையைத் தேடுவது ஏன்?

அஞ்சத்தக்க நிகழ்வைச் சந்தித்த குழந்தையின் மூளை எப்போதும் எச்சரிக்கை நிலையிலேயே இருக்கப் பழகிவிடுகிறது. வளர்ந்த பின்னும் உறக்கமின்மை, திடீர்ப் பதற்றம், காரணமற்ற சினம், தன்மீதே வெறுப்பு ஆகியவை தொடரக்கூடும். மது அந்தப் பதற்றத்தைச் சில மணி நேரம் அடக்குகிறது. முதலில் மருந்துபோல் உதவுவது, பின்னர் தானே நோயாகிவிடுகிறது.

அமெரிக்காவில் 9,508 பேரிடம் நடத்தப்பட்டு 1998இல் வெளியான ஆய்வு இத்தொடர்பைத் தெளிவாகக் காட்டியது. சிறுவயதில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைத் துன்பங்களைச் சந்தித்தவர்களுக்கு மது அடிமைநோய், போதைப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம், எந்தத் துன்பத்தையும் சந்திக்காதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு வரை கூடியிருந்தது. துன்புற்ற அனைவரும் அடிமையாவதில்லை. அடிமையான அனைவருக்கும் இத்தகைய கடந்தகாலம் இருப்பதும் இல்லை. குடிப்பவர் பிறருக்கு இழைக்கும் தீங்குக்கும் இது சாக்காகாது. ஆனால் சிகிச்சை எங்கே சென்று சேர வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

ஆண்பிள்ளைகளுக்கும் நேர்கிறது

இந்திய அரசின் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் கொடுமைக்கு உள்ளானதாகக் கூறிய குழந்தைகளில் பாதிக்கும் சற்று மேற்பட்டோர் சிறுவர்கள். “ஆண்பிள்ளைக்கு என்ன ஆகிவிடும்?” என்னும் எண்ணமே பல சிறுவர்களின் வாயை அடைத்துவிடுகிறது.

விளையாட்டுப் பயிற்சியில் இந்த மௌனம் இன்னும் இறுகுகிறது. அணியில் இடம், போட்டிக்குப் பயணம், விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை எனப் பிள்ளையின் எதிர்காலம் பயிற்சியாளரின் கையில் இருப்பதாகக் குடும்பமே நம்புகிறது. 2021இல் சென்னையில் தடகளப் பயிற்சியாளர் ஒருவர் போக்சோ சட்டத்தின்கீழ்க் கைது செய்யப்பட்டதை வாசகர்கள் அறிவார்கள். 2012 முதல் நடைமுறையில் உள்ள அச்சட்டம், 18 வயதுக்குட்பட்ட சிறுமியரையும் சிறுவரையும் ஒருங்கே காக்கிறது.

சிகிச்சையின் வரிசை

முதற்படி, உடலைப் பாதுகாப்பாக மதுவிலிருந்து விடுவிப்பது. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால், முதல் சில நாட்களுக்குள் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே மருத்துவரின் கண்காணிப்பு இன்றியமையாதது.

இரண்டாம் படி, உறக்கம், உணவு, அன்றாட ஒழுங்கு ஆகியவற்றை மீட்டு, போதை நாட்டம் எழும் தருணங்களைக் கையாளக் கற்பது.

பழைய காயத்தைப் பற்றிய ஆழ்ந்த உளவியல் சிகிச்சை, பெரும்பாலும் இந்த நிலைத்தன்மை ஓரளவு வந்த பிறகே தொடங்கும். நோயாளி ஆயத்தமாவதற்கு முன் நினைவுகளைக் கிளறினால், அவர் மீண்டும் மதுவை நாடக்கூடும். எப்போது, எவ்வளவு சொல்வது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அவரே.

குடும்பத்தினருக்கு

• “என்ன நடந்தது, சொல்” என்று வற்புறுத்தாதீர்கள். அவராகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள். “நீங்கள் சொல்வதை நம்புகிறேன், தவறு உங்களுடையது அன்று” என்னும் சொற்கள் போதும்.
• “அப்போதே ஏன் சொல்லவில்லை?” என்று கேட்காதீர்கள்.
• அவர் சொன்னதை அவருடைய இசைவின்றி உறவினரிடம் பகிராதீர்கள்.
• குடியை நிறுத்தும் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் உணவில் கலக்காதீர்கள். டைசல்ஃபிராம் உட்கொண்டவர் மது அருந்தினால் இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிரிழக்கவும் நேரலாம்.
• மீண்டும் ஒருமுறை குடித்துவிட்டால் சிகிச்சை தோற்றதாகக் கருதாதீர்கள். உடனே மருத்துவரிடம் அழைத்து வாருங்கள்.
• குழந்தை ஒன்று இப்போது கொடுமைக்கு உள்ளாவதாகத் தெரிந்தால், காவல்துறைக்குத் தெரிவிப்பது சட்டப்படி நம் அனைவரின் கடமை.

உதவிக்கு அழைக்க: மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, குழந்தைகள் பாதுகாப்புக்கு 1098. மூன்றும் கட்டணமற்றவை. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும் போதை மீட்புச் சிகிச்சை கிடைக்கிறது. நோயாளி வர மறுத்தாலும் குடும்பத்தினர் மட்டும் வந்து ஆலோசனை பெறலாம். பல வீடுகளில் சிகிச்சை அவ்வாறே தொடங்குகிறது.