மிதிவண்டிக்கு ஒரு பாதை

மைசூரின் அகன்ற வீதிகளைக் கண்டவர்கள் அவற்றை எளிதில் மறப்பதில்லை. 1903-ஆம் ஆண்டிலேயே நகர அபிவிருத்திக்கெனத் தனிக் குழு அமைத்துக்கொண்ட ஊர் அது. 2017 ஜூன் மாதத்தில் அங்கே ‘ட்ரின் ட்ரின்’ என்ற பொது மிதிவண்டித் திட்டம் தொடங்கியது. அப்போது 48 நிலையங்கள், 450 வண்டிகள். ஓரிடத்தில் எடுத்து வேறோரிடத்தில் விட்டுச் செல்லலாம். மணியோசையையே பெயராக்கிய குறும்பு நமக்குப் பிடித்தது. வண்டி வந்துவிட்டது, வழி வேண்டாமா?

கிருஷ்ணராஜ வட்டத்திலிருந்து சயாஜிராவ் சாலையில், தேவராஜ மார்க்கெட்டைக் கடந்து மிதிவண்டியில் செல்பவரை நினைத்துப் பார்ப்போம். ‘ஓரமாய்ப் போ’ என்பது எளிது. ஓரத்திலோ நிறுத்திவைத்த ஸ்கூட்டர்களும் சரக்கு இறக்கும் வண்டிகளும். திடீரெனத் திறக்கும் கார்க் கதவுக்கு அஞ்சி அவர் வலப்புறம் ஒதுங்கினால், பின்னே பஸ் வருகிறது.

தரையில் வெள்ளைக் கோடு இழுப்பதால் மட்டும் இது தீராது. கோட்டின் மீதே கார் வந்து நின்றுவிடும். நடைபாதையை ஒட்டி, இரண்டு மீட்டர் அகலத்தில், தடுப்புடன் பாதை அமைய வேண்டும். வண்டிகள் நிற்பதானால் தடுப்புக்கு அப்பால் நிற்கட்டும். அவையே ஓட்டுபவருக்கு அரணாகிவிடும். பஸ் நிறுத்தத்தில் பாதை, பயணிகள் நிற்கும் மேடைக்குப் பின்புறமாகச் செல்வது நலம்.

மெய்யான சோதனை நாற்சந்தியிலேதான். இடப்புறம் திரும்பும் மோட்டார், நேரே செல்லும் மிதிவண்டியைக் குறுக்கிடுகிறது. அங்கே பாதையைச் சற்று உயர்த்தி, வீதி முனையின் வளைவைக் குறுக்கினால் மோட்டார் வேகம் தணிந்தே திரும்ப இயலும். நெதர்லாந்து நாட்டில் 1971-இல் சாலை விபத்துகளில் 3,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் குழந்தைகள் பலர். பெற்றோர் வீதிக்கு வந்து போராடினர். இன்று நாம் வியக்கும் அந்நாட்டுப் பாதைகள் பல அதன்பின் எழுந்தவையே.

கடைக்காரர்களின் அச்சம் பொருளற்றதன்று. சரக்கு இறக்க அதிகாலை நேரத்தை ஒதுக்கலாம். ஆனால் ஒரு கார் நிற்கும் இடத்தில் ஏறக்குறைய பத்து மிதிவண்டிகள் நிற்கும் என்பதையும் அவர்கள் எண்ண வேண்டும். சாலையின் ஒரு பக்கத்திலேனும் கார் நிறுத்துவதைக் கைவிடாமல் பாதைக்கு இடம் பிறக்காது என்பதே நம் கருத்து.

தசரா ஊர்வலம் செல்லும் வீதியில் தடுப்பு எப்படி என்று கேட்பார்கள். அவ்வீதிக்கு மட்டும் கழற்றக்கூடிய கம்பங்களை நடலாம். யானைகள் வரும் நாளில் எடுத்துவிட்டு, மறுநாள் காலை பள்ளி மணி அடிக்குமுன் திரும்ப நட்டுவிட வேண்டும்.