மும்பையின் பழைய பகுதிகளில் வாடகைக் குடியிருப்பும் புத்தாக்கமும்

பெருநகரங்களின் பழைய பகுதிகள் புத்துயிர் பெறும்போது, எத்தனை மாடிகள் எழும்பின என்று கணக்கிடுவது மட்டும் போதாது. அங்கு வாடகைக்குக் குடியிருந்தோர் நிலை என்னவாயிற்று என்பதையும் ஆராய்தல் வேண்டும். இவ்வகையில் மும்பைத் தீவு நகரின் அனுபவம் பிற நகரங்களுக்கும் படிப்பினையாகும்.

கிர்காவ், பரேல், பேண்டி பஜார் போன்ற பகுதிகளில் பஞ்சாலைத் தொழிலாளருக்கும் சிறு வணிகருக்கும் பல மாடிக் கட்டடங்கள் நூறாண்டுகளுக்கு முன்பே எழுந்தன. நீண்ட தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அமைந்த சிற்றறைகள், பொதுக் குழாய், பொதுக் கழிப்பிடம் ஆகியவற்றைக் கொண்ட 'சால்' குடியிருப்புகள் இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. வேலைக்கும் கடைத்தெருவுக்கும் அருகிலேயே குறைந்த வாடகையில் தங்க இடமளித்தமையே இவற்றின் சிறப்பாகும்.

உறைந்து நின்ற வாடகை

முதல் உலகப்போர்க் கால நெருக்கடியில், 1918ஆம் ஆண்டிலேயே பம்பாயில் வாடகைக் கட்டுப்பாடு தொடங்கியது. பின்னர் வந்த 1947ஆம் ஆண்டுச் சட்டம், 1940 செப்டம்பர் முதல் நாளில் நிலவிய வாடகையை அடிப்படையாகக் கொண்டது. குடியிருப்போரைத் திடீர் வெளியேற்றத்திலிருந்து இச்சட்டம் காத்தது. ஆனால் விலைவாசி பன்மடங்கு உயர்ந்த பின்னரும் வாடகை ஏறக்குறைய அதே நிலையில் நின்றது. பழுதுபார்க்கும் செலவுக்குக்கூட வாடகை வருமானம் போதாமையால், உரிமையாளர் பலர் கட்டடங்களைக் கவனியாது விட்டனர்.

இதன் விளைவாக 'பக்டி' முறை வேரூன்றியது. புதிதாகக் குடிவருபவர் பெருந்தொகை ஒன்றைக் கொடுத்து, வாடகை உரிமையையே விலைக்கு வாங்குவது போன்ற ஏற்பாடு இது. வெளியேறுபவரும் உரிமையாளரும் அத்தொகையைப் பங்கிட்டுக்கொள்வர். முன்பு சட்டத்திற்குப் புறம்பாக இருந்த இம்முறையை 1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஏற்றுக்கொண்டது. ஆண்டுக்கு 4 விழுக்காடு வாடகையை உயர்த்தவும் அச்சட்டம் இடமளித்தது.

பழுதுபார்ப்பிலிருந்து புதுக்கட்டுமானத்திற்கு

மழைக்காலங்களில் கட்டடங்கள் இடிந்து உயிர்ச்சேதம் நேர்ந்தமையால், பழுதுபார்ப்பு, மறுகட்டுமான வாரியத்திற்கான சட்டம் 1969இல் இயற்றப்பட்டது. தீர்வை விதித்து, அந்நிதியைக் கொண்டு பழுதுபார்ப்பதே திட்டம். இதன்கீழ்த் தொடக்கத்தில் வந்த 19,642 கட்டடங்களுள் 16,502 கட்டடங்கள் 1940 செப்டம்பருக்கு முற்பட்டவை. எனினும், முதுமையுற்ற கட்டடத்தைத் தாங்குகட்டைகள் நெடுங்காலம் காப்பாற்ற இயலாது.

எனவே, 1991ஆம் ஆண்டின் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகள் மறுகட்டுமானத்திற்கு ஊக்கமளித்தன. பழைய குடியிருப்போருக்குப் புதுக் கட்டடத்தில் இலவசமாக வீடு தரவேண்டும். அதற்கு ஈடாகக் கூடுதல் தளப்பரப்பைக் கட்டி விற்றுக்கொள்ளலாம் என்பதே இதன் அடிப்படை. அரசு நேரடியாகச் செலவிடாமல் வீடுகள் கிடைக்கும் வழி இது. ஆயின், விற்பனைக்கான மாடிகள் பெருகப் பெருக, குறுகிய தெருக்களிலும் குடிநீர், கழிவுநீர்க் குழாய்களிலும் சுமை ஏறுகிறது.

தனித்தனிக் கட்டடங்களுக்குப் பதிலாகப் பகுதி முழுவதையும் ஒருசேரப் புதுப்பிக்கும் முறைக்குப் பேண்டி பஜார் எடுத்துக்காட்டாகும். சுமார் 16.5 ஏக்கரில் ஏறத்தாழ 250 கட்டடங்களையும் 3,200 குடும்பங்களையும் உள்ளடக்கிய இத்திட்டத்தை 2009இல் அமைக்கப்பட்ட அறக்கட்டளை ஒன்று மேற்கொண்டது. தாமதத்தின் விலை எத்தகையது என்பதையும் இப்பகுதியே உணர்த்தியது. 2017 ஆகஸ்டு 31 அன்று இங்கு ஒரு பழைய கட்டடம் இடிந்ததில் 33 பேர் உயிரிழந்தனர்.

குடியிருப்போர் அறிய வேண்டியவை

இடிபாட்டு அச்சம் இருந்தும் பலர் வெளியேறத் தயங்குவதற்குக் காரணம் உண்டு. தற்காலிகக் குடியிருப்புக்குச் சென்றால் எப்போது திரும்புவோம் என்ற ஐயமே அது. ஆகவே, வாடகை ரசீதுகளையும் குடியிருப்புச் சான்றுகளையும் காத்து வைத்தலும், புதிய வீட்டின் பரப்பு, இடைக்கால வாடகை, திரும்பும் காலம் ஆகியவற்றை எழுத்து மூலம் பெறுதலும் இன்றியமையாதவை. மின்தூக்கி, நீரேற்றி முதலியவற்றுக்கான மாதப் பராமரிப்புக் கட்டணம் பழைய வாடகையைவிடப் பன்மடங்காகலாம். அதற்கான வைப்பு நிதி இல்லையேல், வீடு கிடைத்தும் அதில் வாழ இயலாமற் போகும்.

புதிதாக வாடகைக்கு வருவோரின் நிலை வேறு. பெரும்பாலும் குறிப்பிட்ட காலத்திற்கான உரிம ஒப்பந்தத்தின் பேரில் அவர்கள் குடியேறுகின்றனர். பழைய வாடகைதாரருக்குரிய பாதுகாப்பு இவர்களுக்கு இல்லை. காலம் முடிந்ததும் வீட்டை ஒப்படைக்க வேண்டும். 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து, பதிவும் செய்யப்பட வேண்டும். பதிவு செய்விப்பது உரிமையாளரின் பொறுப்பாகும். பதிவு செய்யப்படாவிடில், மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை, குடியிருப்பவர் கூறும் நிபந்தனைகளே ஏற்கப்படும்.

வாடகையை முற்றிலும் உறையச் செய்தால் கட்டடம் சிதைகிறது. முற்றிலும் சந்தையிடம் விட்டால் உழைப்போர் நகரின் விளிம்புக்குத் தள்ளப்படுகின்றனர். பராமரிப்புக்குப் போதிய வாடகை, காலவரையறையுடன் கூடிய மறுகட்டுமானம், திரும்பி வரும் உரிமைக்கு உறுதி ஆகிய மூன்றும் இணையும்போதே, பழைய பகுதியின் புத்துயிர் அங்கு வாழ்ந்த மக்களுக்கும் உரியதாகும்.