துப்பறியும் நாடகங்கள்: எவற்றைப் பார்க்கலாம்?



வைகாசித் திங்களிலே மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் உள்ள கண்ணகி அம்மன் கோயில்களிற் சடங்கு நிகழும். ‘கண்ணகி வழக்குரை’ பாடப்பெறும். அக்கதையை நன்கு அறிந்தோர் நாம். பாண்டியன் பொற்கொல்லன் சொல்லை நம்பினான், சிலம்பை ஆராய்ந்தானல்லன். அரசியின் சிலம்பிலே முத்துப் பரல். கண்ணகியின் சிலம்பிலே மாணிக்கப் பரல். இவ்வுண்மை வெளிப்பட்டபோது கோவலன் உயிருடன் இல்லை. துப்பறியும் கதைகளை வெறும் பொழுதுபோக்கெனத் தள்ளுவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும். சான்றை உரிய வேளையில் ஆராய்வது உயிர் காக்கும் காரியமாகும்.

இந்நாளிலே தொலைக்காட்சியிலும் இணையத் திரையிலும் துப்பறியும் நாடகங்கள் மலிந்து கிடக்கின்றன. அவற்றுள் நல்லனவற்றைத் தெரிதற்கு மூன்று அளவுகோல்களைக் கூறுவேன். துப்பறிபவருக்குக் கிடைக்கும் தடயம் பார்ப்போருக்கும் காட்டப்படுதல் வேண்டும். முடிவு அடி உதையாற் பெற்ற வாக்குமூலத்திலிருந்தன்றி, சான்றிலிருந்து பிறத்தல் வேண்டும். இறந்தவரும் ஒரு மனிதராக மதிக்கப்படுதல் வேண்டும்.

முதலில் ஒரு பழைய திரைப்படம். எஸ். பாலசந்தரின் இயக்கத்தில் ஏ.வி.எம். நிறுவனம் 1954இல் வெளியிட்ட ‘அந்த நாள்’. பாட்டு ஒன்றேனும் இல்லாத படம் அது. 1943இல் யப்பானியர் சென்னையிற் குண்டு வீசிய காலத்திலே வானொலிப் பொறியியலாளர் ஒருவர் சுட்டுக் கொல்லப்படுகிறார். அதற்கு முந்திய ஆண்டிலேதான் நம் மட்டக்களப்புக் கடலுக்கப்பால் ‘ஹேர்மிஸ்’ கப்பலை யப்பானியர் மூழ்கடித்தனர். ஆதலால் அக்காலத்து அச்சம் நமக்கும் அந்நியமன்று. ஐயத்துக்கு உள்ளானோர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கூறுகின்றனர். கேட்டதையெல்லாம் நம்பலாகாது என்பதைப் படம் படிப்படியாக உணர்த்துகிறது.

அமெரிக்கத் தொடரான ‘கொலம்போ’ 1971இல் தொடராக ஒளிபரப்பத் தொடங்கியது. அதிலே கொலைஞர் யாரென்பது பெரும்பாலும் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். எனினும் ஆவல் குன்றுவதில்லை. எவ்வாறு நிறுவப் போகிறார் என்பதே கேள்வி. 1993இல் தூர்தர்ஷன் ஒளிபரப்பிய ‘வியோம்கேஷ் பக்ஷி’ வங்க எழுத்தாளர் சரதிந்து பந்தோபாத்யாயரின் கதைகளை இந்தியில் தந்தது. அதன் நாயகர் தம்மைத் துப்பறிவாளர் என அழைக்க விரும்புவதில்லை. ‘சத்தியான்வேஷி’, அஃதாவது உண்மையைத் தேடுபவர் என்றே கூறிக்கொள்வார்.

தமிழில் 2022இல் வந்த இரு தொடர்கள் குறிப்பிடத்தக்கன. புஷ்கர், காயத்திரி ஆகியோர் எழுதிய ‘சுழல்’ தொடரிலே, ஒரு சிற்றூரின் ஆலை தீப்பற்றுகிறது. ஒரு சிறுமி காணாமற் போகிறாள். ஊரார் முதலிற் சுட்டிய விரல் எவர்மேல் என்பதையும், உண்மை எங்கே இருந்தது என்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆண்ட்ரூ லூயிஸ் இயக்கிய ‘வதந்தி’ கன்னியாகுமரிப் பக்கத்தில் நிகழ்வது. கொலையுண்ட இளம்பெண்ணைப் பற்றி அயலாரும் பத்திரிகைகளும் கதைகள் பல புனைகின்றனர். எஸ். ஜே. சூர்யா நடிக்கும் பொலிஸ் அதிகாரி அக்கதைகளை ஒவ்வொன்றாக விலக்கி, அப்பெண் உண்மையில் யார் எனத் தேடுகிறார். மூன்றாவது அளவுகோலுக்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. இவ்விரு தொடர்களும் வளர்ந்தோர்க்கே உரியன; சிறுவரை அருகில் வைத்துப் பார்த்தல் தகாது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ‘அந்த நாள்’ போன்ற படத்தைப் பதின்ம வயதுப் பிள்ளைகளுடன் பார்க்குங்கால் நடுவிலே நிறுத்தி, “இதனைக் கண்டவர் யார்? கேட்டவர் யார்? இவர் பொய் சொல்வதால் இவருக்கு என்ன பயன்?” என வினவுங்கள். விடை பிழைத்தாலும் குறையில்லை. மறுநாள் கைபேசியிலே ஒருவரைப் பற்றியோ ஓர் ஊரைப் பற்றியோ பழிச்செய்தி வரும்போது, அதனை அடுத்தவர்க்கு அனுப்புமுன் அதே வினாக்களை அப்பிள்ளை கேட்குமாயின், நாடகம் பார்த்த பொழுது வீண்போகவில்லை எனக் கொள்ளலாம்.